சூட்டு முள்ளு

இல்லீங்க, பை மடியிலயே இருக்கட்டுங்க. மேல வெச்சா பஸ்சு குலுங்கறதுல உருண்டு கீழ உழுந்துரும். உள்ள பெருசா ஒண்ணுமில்லீங்க. காருக்குள்ள பிள்ளையாருக்கு முன்னாடி எரியற சின்ன வெளக்கு ஒண்ணு, கொஞ்சம் வயரு, ஒரு ஸ்க்ரூ, ஒரு வளையம். தாராபுரத்துல மாப்பிள்ளைகிட்டக் காட்டோணும்னு காலைல ஈரோட்டுல இருந்து எடுத்துட்டு வந்தேன். காட்டாமத் திரும்பக் கொண்டு போறேன். அதுதான் மூஞ்சி இப்படி இருக்குது. நீங்க பக்கத்துல வந்து உட்கார்ந்ததுமே 'ஒடம்பு சரியில்லீங்களா'ன்னு கேட்டீங்க பாருங்க. ஒடம்பு நல்லாத்தான் இருக்குதுங்க.

நான் அர்த்தநாரிங்க. எடை மேடைல முள்ளு பாத்த ஆளு. லாரி வந்து மேடை மேல ஏறும், உள்ள பெரிய வட்டத்துல முள்ளு ஆடி நிக்கும், நான் எடையைச் சொல்லுவேன். அவ்வளவுதானுங்க வேலை. டிரைவருங்க கெஞ்சுவாங்க. 'அண்ணா, லோடு அவ்ளோ இல்லீங்கண்ணா, இன்னொருக்காப் பாருங்கண்ணா'ம்பாங்க. நான் ஆளோட மொகத்தையே பாக்க மாட்டேன். முள்ளைக் கை காட்டிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிடுவேன். மனுசன் பேசுவான், முள்ளு பேசாது. பேசாததுக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு நெனச்சே ஒரு ஆயுசை ஓட்டிட்டனுங்க.

எங்கூட்ல ஒரு பழைய காரு இருக்குது. வெள்ளைக் காரு, ஒரு டாக்டர்கிட்ட வாங்குனது. கோகிலாவைப் பள்ளிக்கூடத்துல உட்டது, காலேஜுல உட்டது எல்லாம் அதுலதான். கோகிலவாணிங்க பேரு, எனக்கு ஒரே பொண்ணு. தை மாசம் கல்யாணம். கல்யாணத்துக்கு முந்துன நாளு வண்டியைக் கழுவித் தொடச்சு, பிள்ளையாருக்கு ஒரு வெளக்கு வாங்கி நானே மாட்டுனேன். பச்சைக் குண்டு பல்பு. தனி சுவிட்சு. மண்டபத்து வாசல்ல ஆளாளுக்குக் குனிஞ்சு பாத்துட்டு, 'அர்த்தநாரி, நீயாவா மாட்டுனே?'ன்னு கேட்டாங்க. கரண்டு வேலை நமக்குக் கொஞ்சம் தெரியுமுங்க. முழுசாத் தெரிஞ்சிருந்தாலும் பரவால்ல, தெரியாமலே இருந்திருந்தாலும் பரவால்ல.

அன்னைல இருந்து எனக்கு ஒரு முறை. வண்டில ஏறுனா மொதல்ல சாமி வெளக்கு, கன்னத்துல போட்டுக்கறது, அப்புறந்தான் சாவி. எறங்கறப்ப மொதல்ல எஞ்சின், கடைசியாச் சாமி. சாமியை இருட்டுல உட்டுட்டு எஞ்சினை ஓட்டக் கூடாதுல்லீங்க? இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

மாப்பிள்ளை பேரு பூபதிராஜா. தாராபுரத்துல வெதைக் கடை வெச்சிருக்கறாரு. அதிகம் பேச மாட்டாரு. நம்ம பக்கம் புதுசாக் கல்யாணம் ஆனா ஒறம்பரைக்காரங்க வரிசையா விருந்துக்குக் கூப்பிடுவாங்களே, அந்தச் சீசன் பூரா வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்னு நாந்தான் குடுத்தேன். மாமனாரு மனசு வந்து குடுத்தது, அதுல ஒரு கொறையும் இல்லீங்க. அவங்க ஈரோட்டுப் பக்கம் விருந்துக்கு வந்தா ஒரு நாள் எங்கூட்ல தங்குவாங்க. அவரு உள்ள போயிக் கை கால் கழுவறப்ப நான் வண்டியைப் பாக்கப் போயிருவேன். எங்கிட்ட இன்னொரு சாவி இருக்குது. அது இருக்கறது அவருக்குத் தெரியாது.

மொத நாளே பாத்தேன். உள்ள உட்கார்ந்தேன், சாமி வெளக்கைப் போட்டேன், கும்பிட்டேன், சாவியைத் திருப்புனேன். எஞ்சின் சூட்டைக் காட்டற முள்ளு, சூட்டு முள்ளும்போம், நேராச் சிவப்புக் கோட்டுல போயி நின்னுச்சு. எறங்கி ஓடுனேன். உள்ள வந்து, 'ஏனுங் மாப்ளை, வண்டி சூடாச்சுங்களா?'ன்னு பதமாக் கேட்டேன். 'இல்லீங்க மாமா, முள்ளு பாதிக்குக் கீழதான் இருந்துச்சு, நல்லா ஓடுச்சுங்க'ன்னாரு.

நீங்களா இருந்தா என்ன நெனப்பீங்க? நான் பாத்துட்டு வந்து நிக்கறேன், அவரு இல்லைங்கறாரு. அதோட உட்டுட்டனுங்க. மாப்பிள்ளையாச்சே. ஆனா மனசுக்குள்ள எழுதி வெச்சுட்டேன்.

மறுநாள் காலைல போயிப் பாத்தேன். ராத்திரியெல்லாம் நின்ன வண்டி, பானட்டு பனியில சில்லுன்னு இருக்குது. உள்ள உட்கார்ந்து பாத்தா முள்ளு பாதிக்கு வந்து நிக்குது. நான் என்ன நெனச்சேன் தெரியுங்களா? அடப்பாவி, ராத்திரி பூரா நின்னும் எஞ்சினுக்குள்ள சூடு எறங்கலையே, அப்படி வெரட்டி ஓட்டியிருக்கறாரேன்னு நெனச்சேன். சிரிங்க, பரவால்ல. அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வரலீங்க. ரேடியேட்டர் மூடியைத் தொறந்தா தண்ணி தெளிவா, சில்லுன்னு, ரொம்பி இருக்குது. அதையும் என்ற ரெண்டு கண்ணாலயும்தான் பாத்தேன். ஆனா முள்ளு வேற சொல்லுதே.

அவங்க ஊருக்குப் போகறதுக்கு முன்னாடி வண்டியை ஜாபர் பாய்கிட்டக் கொண்டு போனேன். பாய் எங்க ரோட்டுல கார் எலெக்ட்ரிக் கடை வெச்சிருக்கறாரு. கடைக்கு முன்னாடி நிறுத்தி, எஞ்சினை அணைச்சு, சாமியை அணைச்சுட்டு எறங்குனேன். பாய் எஞ்சின்ல இருக்கற சூட்டு சென்சார் வயரைக் கழட்டி பாடில தொட்டாரு, முள்ளு மேல போச்சு. எடுத்தாரு, கீழ வந்துச்சு. 'மீட்டரும் நல்லாருக்குது, வயரும் நல்லாருக்குது, சூடே இல்லீங்கண்ணா'ன்னாரு. எனக்குத் திருப்தியில்ல. சென்சாரை மாத்தச் சொன்னேன். அப்புறம் ரேடியேட்டரைக் கழுவச் சொன்னேன். அவரு வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாரு. 'புதுசா ஏதாச்சும் வயரிங் வேலை செஞ்சீங்களாண்ணா?'ன்னும் கேட்டாரு. 'ஒண்ணுமே செய்யலையே பாய்'ன்னு அடிச்சுச் சொன்னேன். பொய்யில்லீங்க அது. சாமிக்கு வெளக்கு மாட்டறதை யாராச்சும் வண்டி வேலைன்னு சொல்லுவாங்களா? எனக்குத் தோணவே இல்லீங்க.

பாய் வண்டியை எடுத்துட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாரு. முள்ளு பாதிக்குக் கீழ. நான் ஏறி, சாமி வெளக்கைப் போட்டு, கும்பிட்டு, எடுத்துட்டு வந்தேன். எங்கூட்டுக் கேட்டுக்கு வர்றப்போ சிவப்பு. பாயும் மாப்பிள்ளைக்குத் தெரிஞ்ச ஆளா இருப்பாரோ, ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டாங்களோன்னு கூட நெனச்சேன். பாருங்க, முள்ளைக் காப்பாத்தறதுக்கு எத்தனை பேரைப் பொய்யனாக்கறதுக்குத் தயாரா இருந்திருக்கறேன்!

எங்கூட்டுக்காரி ருக்குமணி சொன்னா, 'ஏனுங்க, மாப்பிள்ளை நிதானமாத்தானுங்க ஓட்டறாரு, அன்னைக்கு விருந்துக்கு அவங்களோட போயிட்டு வர்றப்ப நானும் கோகிலாவும் பின்னால தூங்கிட்டே வந்தோம்'னு. 'உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?'னு வாயை அடைச்சேன். அப்புறம் பாக்கறவங்ககிட்டயெல்லாம் ஆரம்பிச்சுட்டேன். டீக்கடைல, கல்யாண வீட்டுல, அவரோட மாமன் மச்சான்கிட்டயே. 'மாப்பிள்ளை தங்கமான மனுசன், என்ன, வண்டிதான் ஓட்டத் தெரியல, கேட்டா இல்லைம்பாரு'ன்னு. தங்கமான மனுசன்னு மொதல்ல போட்டுக்குவேன். அப்படிப் போட்டுட்டா பின்னால எது சொன்னாலும் தப்பில்லைன்னு ஒரு நெனப்பு.

பங்குனில காங்கேயத்துல அவரோட பெரியம்மா வீட்டுல விருந்து. அவங்க தாராபுரத்துல இருந்து கார்ல வந்தாங்க, நாங்க ஈரோட்டுல இருந்து பஸ்ல போனோம். சம்பந்தியம்மாவும் வந்திருந்தாங்க. வாசல்ல பந்தல் போட்டு எலை போட்டாச்சு. மாப்பிள்ளையை உட்கார வெச்சுட்டாங்க, நான் அடுத்த பந்தின்னு சொல்லிட்டு வண்டிக்குப் போனேன். என்ற சாவியைப் போட்டேன். வெளக்கு, கும்பிடு, சாவி. சிவப்பு.

நேராப் பந்திக்கு வந்தேன். மாப்பிள்ளை சாதத்துல கை வெச்சு ரெண்டு வாய்தான் தின்னிருப்பாரு. முன்னால போயி நின்னு, 'சாவியைக் குடுங்க மாப்ளை. இனி அது எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க ஓட்டுனது போதும்'னேன். அவரு நிமிந்து பாத்தாரு. 'கை கழுவிட்டுத் தர்றேனுங்க மாமா'ன்னாரு. சரின்னு நான் அந்தப் பக்கம் போயிருக்கோணும். போகலீங்க. கையை நீட்டிட்டு அங்கயே நின்னேன்.

அவரு எந்திரிச்சாரு. எலை அப்படியே கெடக்குது. கை கழுவி, தொடச்சு, சட்டைப் பைல இருந்து சாவியை எடுத்து ரெண்டு கையாலயும் குடுத்தாரு. மறுபடியும் உட்காரலீங்க. அவங்க பெரியம்மா ரசத்துச் சட்டியோட அப்படியே நின்னுட்டாங்க.

சரி, மேல கேளுங்க. வண்டியை நானே எடுத்தேன். எல்லாரையும் தாராபுரத்துல உட்டுட்டு, நானும் ருக்குமணியும் வண்டியோட ஈரோடு போயிடறதுன்னு திட்டம். முன்னால ருக்குமணி, பின்னால சம்பந்தியம்மா, கோகிலா, மாப்பிள்ளை. கெளம்பறப்ப அவரு மெல்ல, 'மாமா, பெட்ரோல் கொறைச்சலா இருக்குங்க, வர்றப்பவே முள்ளு அடியில இருந்துச்சு, இங்கயே போட்டுக்கலாங்க'ன்னாரு. நான் பாத்தேன், பெட்ரோல் முள்ளு பாதிக்கு மேல நிக்குது. பச்சை வெளிச்சத்துல பளிச்சுனு தெரியுது. 'எங்கண்ணு நல்லாத்தானுங்க தெரியுது'ன்னு சொல்லிட்டு பங்க்கைத் தாண்டி வந்துட்டேன்.

ஊதியூர் ஏறி எறங்குன எடத்துல வண்டி ரெண்டு குலுக்கு குலுக்கிட்டு நின்னு போச்சு. உச்சி வெயிலு. ஒரு மரம் கெடையாது. சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி, ரோட்டோரம் கல்லு மேல முந்தானையைத் தலைல போட்டுட்டு உட்கார்ந்தாங்க. மாப்பிள்ளை ரோட்டுக்கு வந்து கையைக் காட்டுனாரு. வந்த பைக்கை நிறுத்தி, பின்னால ஏறிப் போயி, கேன்ல பெட்ரோல் வாங்கிட்டு வந்து, அவரே ஊத்துனாரு. சட்டையெல்லாம் வேர்வை. வண்டி கெளம்பிருச்சு.

அப்பவாச்சும் நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாமுங்க. டேங்கு காலி, முள்ளு பாதி. அப்ப முள்ளு பொய்தானே? அங்கயே வெளங்கியிருக்கோணுமில்ல? எனக்கு என்ன வெளங்குச்சு தெரியுங்களா? 'வண்டியைச் சூடு பண்ணிப் பண்ணி மீட்டரையே கெடுத்துட்டீங்களே மாப்ளை'ன்னு கேட்டேன். அவங்கம்மா முன்னாடி.

கோகிலா என்னை ஒரு பார்வை பாத்தா. 'போதுங்கப்பா'ன்னா. அவ்வளவுதான். மாமியாரை எழுப்பிக் கையைப் புடிச்சு, பின்னால வந்த தாராபுரம் பஸ்ஸை நிறுத்தி, மூணு பேரும் ஏறிப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் எம் பொண்ணு எங்கூட்டு வாசப்படி மிதிக்கலீங்க. சித்திரைல மாரியம்மன் பண்டிகைக்குக் கூப்பிட்டோம், கடைல வேலைன்னுட்டாங்க. போன்ல அவங்கம்மாகிட்டப் பேசுவா. நான் பக்கத்துல இருந்தா, 'அப்பா நல்லாருக்கறாருங்களா?'ன்னு கேட்டுட்டு வெச்சுருவா.

இப்ப ஆடி வருது. தலை ஆடிங்க. ஆடி நோம்பிக்கு மாப்பிள்ளையும் பொண்ணும் வரலைன்னா ஊரு என்ன பேசும்? ஊரு கெடக்கட்டும். வரலைன்னா அப்புறம் தீவாளிக்கும் வர மாட்டாங்க. அப்புறம் எதுக்குமே வர மாட்டாங்க. அதுதானுங்க என்னைத் தூங்க உடல.

போன வெள்ளிக்கெழமை ருக்குமணி காருக்குள்ள பிள்ளையாருக்குப் பூ மாத்த வந்தா. நான் சாவியைப் போட்டுட்டு முள்ளையே மொறச்சுப் பாத்துட்டு உட்கார்ந்திருக்கறேன். பல்பு சுடுதுன்னு அவ சுவிட்சை அணைச்சா. ரெண்டு முள்ளும் தொபுக்குனு எறங்குச்சு. பூவை வெச்சுட்டுப் போட்டா. ரெண்டும் எந்திரிச்சுச்சு. 'ஏனுங்க, சாமி முழிச்சா முள்ளு முழிக்குது, சாமி தூங்குனா முள்ளும் படுத்துக்குதுங்களே'ன்னா.

'நீ உள்ள போ'ன்னேன். அவ போனதுக்கப்புறம் நானே போட்டேன், அணைச்சேன், போட்டேன், அணைச்சேன். டேஷ்போர்டுக்குக் கீழ குனிஞ்சு பாத்தா, என்ற வேலைதான். வெளக்கோட எர்த் வயரை, கரண்டு பாடிக்குத் திரும்பிப் போற வயருங்க அது, கட்டறதுக்கு, மீட்டருக்கு எர்த் புடிக்கிற ஸ்க்ரூவைக் கழட்டி, பெயிண்ட் அடிச்ச வளையம் ஒண்ணு வெச்சு, ரெண்டையும் ஒண்ணா முறுக்கி வெச்சிருக்கறேன். பெயிண்ட் மேல எர்த் சரியாப் புடிக்காதுங்களே. வெளக்கு எரிஞ்சா அந்தக் கரண்டுக்குப் போக வழி பத்தாம மீட்டருக்குள்ள பூந்து ரெண்டு முள்ளையும் தூக்கி உட்ருக்குது. மாப்பிள்ளைக்கு வெளக்குப் போடற பழக்கம் கெடையாது. பாய்க்கும் கெடையாது. அவங்க பாத்த முள்ளு நெசம். நான் கும்புட்டுட்டுப் பாத்த முள்ளு பொய்.

கழட்டிட்டேன். வளையத்தை எடுத்துட்டு, எடத்தைச் சுரண்டி, மீட்டருக்கு வேற ஸ்க்ரூ போட்டு நல்லா முறுக்கி வெச்சேன். இப்ப எல்லாம் சரியா இருக்குது. ருக்குமணிகிட்ட, யாருகிட்டயும் மூச்சு உடாதே, நானே போயிச் சொல்றேன்னேன். அதுக்குத்தான் இன்னைக்கு வந்தது. அந்த வண்டியை அவரு வாசல்ல கொண்டு போயி நிறுத்த மனசு வரல, பஸ்லயே வந்தேன். பழம், பூ, வெத்தலை பாக்கு எல்லாம் வாங்கிட்டு, இந்தப் பையையும் எடுத்துட்டு வந்தேன். வர்ற வழி பூரா மனசுக்குள்ள பேசிப் பாத்துட்டே வந்தேன். வளையத்தைக் காட்டோணும், பெயிண்ட்டைக் காட்டோணும், கரண்டு எப்படிச் சுத்தி வந்துச்சுன்னு வெவரமாச் சொல்லோணும். மாமனாரு மாப்பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டு நாம எங்க பாத்திருக்கறோம்? வெவரம் சொன்னா அவரே புரிஞ்சுக்குவாருன்னு நெனச்சேன்.

வாசல்லயே நின்னாரு. 'வாங்க மாமா'ன்னு பழப் பையை வாங்கிட்டாரு. இந்தப் பையை மட்டும் நான் குடுக்கல. 'வண்டில வரலீங்களா மாமா?'ன்னு கேட்டாரு. சாதாரணமாத்தானுங்க கேட்டாரு.

என்ற வாய்ல என்ன வந்துச்சு தெரியுங்களா? 'வண்டி சூடாகுதுங்க மாப்ளை'.

சொல்லி முடிச்சதும் எனக்கே கேக்குது, நான் என்ன சொன்னேன்னு. திரும்ப எடுத்துக்க முடியலீங்க. கோகிலா கதவுக்குப் பக்கத்துல நிக்கறா. அவரு பழப் பையை அவகிட்டக் குடுத்தாரு. அப்புறம் சொல்றாரு, 'நான் ஓட்டுனதுல ஆனதுங்க மாமா. ஆடிக்கு வர்றப்ப நானே பாத்துச் சரி பண்ணிக் குடுத்தர்றேன்'னு. ஆடிக்கு வர்றேன்னுட்டாருங்க! நான் கேக்கறதுக்கு முன்னாடியே. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. காரியம் முடிஞ்சுது, பையைத் தொறக்க வேண்டியதில்லன்னு நெனச்சேன். அந்த நேரத்துல அப்படித்தானுங்க நெனச்சேன், உங்ககிட்ட எதுக்கு மறைக்கறது.

எலை போட்டாங்க. அவரே பக்கத்துல நின்னு பரிமாறுனாரு. நான் அவசரமாத் தின்னுட்டு எந்திரிக்கப் பாத்தேன். 'உட்காருங்க மாமா, மெதுவாச் சாப்பிடுங்க. முழுசாச் சாப்பிட்டுட்டு எந்திரிங்க'ன்னாரு. குத்திக் காட்டறாப்ல இல்லீங்க. நெசமாத்தான் சொன்னாரு. எலைல ஒரு பருக்கை இல்லாமத் தின்னுட்டுத்தான் எந்திரிச்சேன்.

அப்புறம் பைக்ல கூட்டிட்டு வந்து இந்தப் பஸ்ல ஏத்தி உட்டாரு. சன்னல் பக்கம் நின்னுட்டு இருந்தாரு. பஸ் நகரறப்ப கேக்கறாரு, 'சாமி வெளக்கு இப்ப எரியுதுங்களா மாமா?'

நான் தலையை ஆட்டுனேன். ஆமான்னா, இல்லைன்னா, எனக்கே தெரியல. பஸ்சு நகந்து வந்துருச்சு. கொஞ்ச தூரம் வந்த பின்னாடிதானுங்க ஒறைக்குது. அவருக்குத் தெரியும். வெளக்கைப் பத்தி நான் அங்க வாயே தொறக்கலியே. ருக்குமணி மககிட்டச் சொல்லியிருக்கறா, கோகிலா மொகத்துலயே இருந்துச்சு. நான் வாசல்ல நின்னு 'வண்டி சூடாகுது'ன்னு சொன்னப்பவே அவருக்குத் தெரியும். தெரிஞ்சுட்டுத்தான், 'நான் ஓட்டுனதுல ஆனது'ன்னு சொல்லியிருக்கறாரு. எம் பொண்ணு முன்னாடி எனக்கு மானம் போகக் கூடாதுன்னு, செய்யாத தப்பைத் தன் மேல போட்டுக்கிட்டாருங்க.

நான் ஊரு பூரா அவரை ஓட்டத் தெரியாதவருன்னு சொன்னவன். அவரு எனக்காக, ஆமா எனக்கு ஓட்டத் தெரியாதுங்கறாரு. வெக்கமா இருக்குதுங்க. இந்த வயசுல, ஒரு புது மனுசன் பக்கத்துல உட்கார்ந்து கண்ணைத் தொடைக்கறேன் பாருங்க.

இது ஊதியூர் மலைதானுங்களே? ஆமா, இங்கதான் பக்கத்துல வண்டி நின்னது. அந்தக் கல்லு பாருங்க, அதுலதான் சம்பந்தியம்மா உட்கார்ந்தாங்க.

நீங்களே சொல்லுங்க. இந்த வெளக்கை அவருகிட்டக் காட்டுனா என்ன ஆகும்? வெளக்கு மேல தப்புன்னு ஆயிரும். ஸ்க்ரூ மேல, பெயிண்ட் மேலன்னு ஆயிரும். முள்ளு பொய் சொல்லுச்சுன்னு ஆயிரும். முள்ளா போயிப் பந்தில கையை நீட்டிட்டு நின்னுச்சு? முள்ளு நெசமாவே சிவப்புல இருந்திருந்தாலும், வண்டியே எரிஞ்சு போயிருந்தாலும், திங்கற மனுசனைப் பாதி எலைல எழுப்பலாமுங்களா? அதை நான் இத்தன நேரம் உங்ககிட்டக் கதையோட கதையாச் சொல்லிட்டுத் தாண்டி வந்துட்டேன். நீங்களும் ஒண்ணும் கேக்கலை.

கண்டக்டருங்க! ஊதியூர் ஒண்ணு எறங்கோணும். ஈரோட்டுக்குத்தானுங்க டிக்கட் வாங்குனேன், பரவால்ல. எதிர்ப்பக்கம் தாராபுரம் பஸ்சு வருமுங்களா?

பையைக் கையோட கொண்டு போறேன், ஆனா தொறக்க மாட்டேனுங்க. பாதி எலைல எழுப்பிட்டேன் மாப்ளைன்னு மட்டும் சொல்லிடறேன். கோகிலா முன்னாடி, சம்பந்தியம்மா முன்னாடி. வாய்ல வேற ஏதாச்சும் வந்துருமோன்னுதான் பயமா இருக்குது. கொஞ்சம் காலை நகத்திக்குங்க, எறங்கிக்கறேன்.